சோரென்சென்

எலுமிச்சஞ்சாறு புளிக்கும் என்பதை நா அறியும். எவ்வளவு புளிப்பு என்பதை நாவால் அளந்து கூற இயலாது. லிட்மசுத் தாளும் நிறம் மாறிக் காட்டுமேயன்றி அளவு சொல்லாது. இக்குறையைப் போக்கியவர் டென்மார்க்கு நாட்டு வேதியியல் அறிஞர் சோரென்சென் ஆவார்.

இவர் 1868ஆம் ஆண்டில் ஓர் உழவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் பயில விரும்பிக் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் புகுந்தவரை வேதியியல் ஈர்த்துக்கொண்டது. 1901இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் வேதியியற் பிரிவின் தலைவரானார். அக்கூடத்தை நிறுவியவர் பீர் வடிக்கும் ஆலை ஒன்றின் உரிமையாளர். ஆயினும், அங்குக் கண்டறியும் உண்மை எதனையும் மறைத்து வைத்தலாகாது என்று அவர் விதி செய்திருந்தார். வணிகரிடம் காண்டற்கரிய பண்பு இது!

சோரென்சென் ஆராய்ந்தவை நொதிகள். கரைசலின் புளிப்புச் சிறிது மாறினும் அவற்றின் வேகம் மாறியது. சேர்த்த அமிலத்தின் அளவை அறிந்தும் பயனில்லை. அளவு ஒன்றாயினும் எல்லா அமிலங்களும் ஒரே வலிமை காட்டுவதில்லை. கரைசலில் தனித்துப் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளையே அளத்தல் வேண்டும். அவையோ மிகமிகச் சிறியன. ஒரு லிட்டர் தூய நீரில் அவற்றின் எடை ஒரு கிராமில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கே. கோடி என்பது ஒன்றின்பின் ஏழு சுழிகள். அந்த ஏழையே அளவாகக் கொண்டால் என்ன என்று எண்ணினார் சோரென்சென். 1909இல் பி.எச். அளவு பிறந்தது. ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அயனிகள் பத்து மடங்கு மிகும்.

அவர் கையாண்ட முறை எளிதன்று. ஹைட்ரஜன் வாயு சூழ்ந்த பிளாட்டின மின்வாயைக் கரைசலில் நிறுத்தி, அதன் மின்னழுத்தத்தை அளந்தார். அவர்தம் மனைவி மார்கரெத்தும் ஆய்வுகளில் துணைநின்றார். சிறிது அமிலமோ காரமோ கலப்பினும் பெரிதும் மாறாத தாங்கற் கரைசல்கள் பலவற்றையும், பி.எச். இன்னதெனத் திட்டமாக அறிந்து, சோரென்சென் வகுத்து வைத்தார்.

அதே 1909இல் ஜெர்மனியில் ஹாபரும் கிளமென்சியேவிச்சும் கண்ணாடி மின்வாயை ஆராய்ந்து வெளியிட்டனர். கண்ணாடி மின்சாரத்தை அரிதிற் கடத்துவதால் அதன் குறிப்பு மிக மெலிந்திருந்தது. அமெரிக்கராகிய பெக்மன் வெற்றிடக் குழல்களால் அதனைப் பெருக்கிக் காட்டினார். கலிபோர்னியாவின் எலுமிச்சஞ்சாற்றை அளப்பதற்கென அவர் அமைத்த கருவி, 1935இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பி.எச். மானிகள் இடம்பெற்றன.

சோரென்சென் 1939இல் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. இன்றும் மாணவர் பி.எச். மானியை எடுத்தவுடன் புதிய கரைசலில் தோய்ப்பதில்லை. மின்வாயை வாலை வடிநீரில் கழுவி, அளவு தெரிந்த தாங்கற் கரைசலில் முதலில் நிறுத்தி, கருவி அவ்வெண்ணையே காட்டுமாறு திருத்திய பின்னரே அளக்கத் தொடங்குகின்றனர்.