ஓய்ந்த கையும் ஓயாத இராட்டையும்

காந்தியடிகள் இளமையில் இராட்டையைக் கண்டவர் அல்லர். கங்காபென் என்னும் அம்மையார் பரோடா நாட்டு வீஜாப்பூரில் இராட்டைகளைத் தேடிக் கண்டறிந்த பின்னரே, ஏறத்தாழ ஐம்பதாம் வயதில், அடிகள் நூற்கக் கற்றார். அன்றுமுதல் ஏழை மக்களை நினைந்து நாள்தோறும் நூற்பதை ஒரு நோன்பாகவே கொண்டார்.

1932 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் பம்பாயில் சிறைப்பட்ட அடிகள், பூனாவை அடுத்த எரவாடாச் சிறையில் வைக்கப்பட்டார். வல்லபாய் படேலும், பின்னர் மகாதேவ தேசாயும் அவருடன் இருந்தனர். அங்கும் இராட்டை சுழன்றது. ஆனால், அவ்வாண்டில் அடிகளின் இடக்கை முழங்கையில் வலி தோன்றியது. நூற்பவர் வலக்கையால் சக்கரத்தைச் சுழற்றி, இடக்கையால் நூலை இழுப்பர். பல்லாண்டுகள் ஓயாது இழுத்தமையே அவ்வலிக்குக் காரணம் என்று கருதிய மருத்துவர்கள், கைக்கு ஓய்வு வேண்டும் என்றனர்.

அடிகள் என் செய்வார்? மருத்துவர் சொல்லை மீறினால் கை கெடும். நூற்பதை நிறுத்தினாலோ நோன்பு கெடும். நாட்டு மக்களை நூற்கும்படி வேண்டியவர், தாம் நோயைக் காட்டி விலகுவதா? அவர் இரண்டையும் காக்கும் வழியை நாடினார்.

முன்பும் அவர் இவ்வாறு செய்ததுண்டு. 1909 இல் கப்பலில் 'இந்திய சுயராஜ்யம்' என்னும் நூலை எழுதுகையில் வலக்கை சோர்ந்தது. உடனே இடக்கையால் எழுதலானார். இப்பொழுதோ இடக்கையின் வேலையை வலக்கை ஏற்க வேண்டியதாயிற்று. அவ்வாறாயின் சக்கரத்தைச் சுழற்றுவது யார்? அதற்குக் கால் முன்வந்தது!

காலால் மிதித்து இயக்கும் இராட்டை ஒன்று அந்நாளில் இருந்தது. மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அதனை 'மகன் சர்க்கா' என்றழைத்தனர். அதில் கதிர்கள் இரண்டு. இரு கைகளாலும் ஒருங்கே நூற்கலாம். அடிகள் இடக்கையை ஓய்வில் விட்டு, வலக்கையால் மட்டும் நூற்க முற்பட்டார். காலின் விரைவும் கையின் இழுப்பும் இசைந்தாலன்றி நூல் வாராது. தேர்ந்த கை புதிய கை ஆயிற்று. நூலின் அளவும் குறைந்தது. அறுபத்திரண்டு வயதில், முதற்பாடம் கற்கும் மாணவனைப்போல் அவர் பொறுமையுடன் மீண்டும் பயின்றார்.

நோவுற்ற உறுப்பை வருத்துதல் உறுதியாகாது. நோவைக் காட்டித் தொழிலை விடுதல் ஓய்வாகாது. அடிகள் இடக்கைக்கு ஓய்வு தந்தார், நூற்றலைக் கைவிடவில்லை.