கந்தலில் செல்வம் கண்ட குமரப்பா

நாள்தோறும் காகிதத்தைக் கையாளும் நாம், அஃது எதிலிருந்து பிறக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்ததோடு நில்லாமல், அவ்வெண்ணத்தைப் பொருளாதாரக் கொள்கையாகவே வளர்த்த தமிழர் ஜே. சி. குமரப்பா ஆவார்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்த அவர், இலண்டனில் கணக்கியல் கற்றுப் பம்பாயில் தணிக்கையாளராய்த் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அயலாட்சியின் நிதிமுறை நம் நாட்டை வறுமையில் ஆழ்த்தியதை ஆராய்ந்துணர்ந்தார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர் வாழ்வு திசைமாறிற்று. வருவாய் மிக்க தொழிலைத் துறந்தார். மேனாட்டு உடை நீங்கிக் கதர் வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயர் போய், குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பா நிலைத்தது.

1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக அவர் அமர்ந்தார். வார்தாவிலுள்ள மகன்வாடியில் செக்கெண்ணெய், வெல்லம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு காகிதம் செய்தலும் இடம்பெற்றது. இத்தொழில் புதியதன்று. ஜுன்னர், கால்பி, சாங்கனேர் முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து, காகஸி என்பதையே குலப்பெயராகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. ஏட்டுப் பிரதிகளுக்கும் கணக்கேடுகளுக்கும் தாள் தந்த அக்கைகள், ஆலைக் காகிதம் மலிந்தபின் வேலையற்று நின்றன. அணையவிருந்த அவ்விளக்குக்குச் சங்கத்தின் முயற்சி எண்ணெய் வார்த்தது. சங்கம் தன் வெளியீடுகளுக்கே கைக்காகிதத்தைப் பயன்படுத்திற்று.

செய்முறை எளிது, உழைப்போ பெரிது. கந்தற்றுணியையும் நார்களையும் துண்டாக்கிச் சுண்ணாம்பிலோ காரத்திலோ ஊறவைத்து, இடித்துக் கூழாக்கித் தொட்டி நீரில் கலக்குவர். சல்லடையால் மெல்லப் படலமாக எடுத்து, அழுத்தி நீர் வடித்து உலர்த்துவர். பசை பூசி வழவழப்பான கல்லால் மெருகிடுவர். பருத்தி நாரில் லிக்னின் இல்லையென்றே கூறலாம். ஆதலின் அத்தாள் எளிதில் பழுப்பதில்லை. ஓவியர் அதனை விரும்புவதும் இதனாலேயே.

தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் செல்வம் ஒன்று. ஆண்டுதோறும் விளைந்து பெருகும் செல்வம் மற்றொன்று. பின்னதைச் சார்ந்த வாழ்வே நிலைக்கும் என்பது குமரப்பாவின் கொள்கை. அதனை விளக்கும் நூலை அவர் ஜபல்பூர்ச் சிறையில் எழுதினார். அது 1945இல் வெளிவந்தது. பருத்தியும் புல்லும் தரும் காகிதம் அக்கொள்கைக்கு நல்ல சான்றாகும்.

இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்த அவர், 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில் மறைந்தார்.

தாம்பரத்திலும் சேலையூரிலும் தையற்கடை வாயில்களில் துண்டுத்துணி குவிந்து கிடக்கிறது. அது குப்பையா, செல்வமா? விடை துணியில் இல்லை. அதனைக் காணும் கண்ணிலும், உழைக்க நாணாத கையிலும் இருக்கிறது. பட்டம் பெறப்போகும் நம் மாணவர்கள், பட்டங்கள் பல பெற்றபின்பும் கைத்தொழிலை உயர்வாக மதித்த இப்பெரியாரை நினைவிற்கொள்வார்களாக!