பெருக்கிக் காட்டிய பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ்

கண்ணுக்குப் புலப்படாததைக் காணச் செய்வதும், செவிக்கு எட்டாததைக் கேட்கச் செய்வதும் விஞ்ஞானம் மனிதனுக்குச் செய்த பெருந்தொண்டுகளாகும். திருவிழாக் காலத்தில் நமது ஆலய வீதியில் ஒருவர் மெல்லப் பேசுகின்றார். அப்பேச்சு வயல்வெளியைக் கடந்து அடுத்த குறிச்சி வரையும் கேட்கின்றது. ஆயினும் அதே ஒலிபெருக்கி சில வேளைகளில் ஊளையிடுவதையும், கரகரப்பதையும், பேசுபவரின் குரலையே அடையாளந் தெரியாதபடி மாற்றிவிடுவதையும் நாம் அறிவோம். சிறியதைப் பெரிதாக்குவது ஒரு வித்தை. அவ்வாறு பெரிதாக்கும்போது கருவியின் சொந்தச் சரக்கு எதுவும் உள்ளே கலந்துவிடாமற் காப்பது அதனினும் அரிய வித்தை. இவ்விரண்டாவது வித்தைக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் வங்கம் தந்த விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் அவர்கள்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர்; பிரம சமாசத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அவ்வித உத்தியோகத்தர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதே வழக்கம். இவரோ தம் மகனை முதலில் ஊரிலுள்ள தாய்மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். அங்கே தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளருடைய மகன் ஒரு பக்கத்திலும், மீனவர் ஒருவருடைய மகன் மறு பக்கத்திலும் அமர்ந்திருக்கச் சிறுவன் ஜகதீசன் பாடங் கற்றான். பறவைகளையும் நீர்வாழ் பிராணிகளையும் பற்றி அத்தோழர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்பால் அவனுக்கு ஆவலை ஊட்டின.

1869இல் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட போஸ், பின்னர் யேசுசபைக் குருமார் நடத்திய சென் சேவியர் பாடசாலையிலும் அதன் கல்லூரியிலும் பயின்றார். அங்கே பௌதிகம் கற்பித்த லாபோன் என்னும் பெல்ஜியக் குரு, கரும்பலகையோடு நின்றுவிடாது, ஒவ்வொரு விதியையும் கருவிகளைக் கொண்டு மாணவர் கண்முன்னே செய்து காட்டுபவர். செய்து காட்டாத உண்மை பாதி உண்மையே என்ற எண்ணம் போஸின் உள்ளத்தில் அந்த வகுப்பிலேயே வேரூன்றியது. மிஷன் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்ற எனக்கு, ஒரு நல்லாசிரியரின் மேசைமீதிருக்கும் சிறு கருவி எவ்வளவு தூரம் ஒரு மாணவனைக் கொண்டு செல்லும் என்பதை நினைக்கையில் மனம் நெகிழ்கின்றது.

வைத்தியம் படிக்கும் நோக்கத்துடன் 1880இல் இங்கிலாந்து சென்ற போஸைக் காய்ச்சல் விடாது வருத்தியது. எனவே அவர் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலைக்கு மாறி இயற்கை விஞ்ஞானம் பயின்று, 1884இல் பட்டம் பெற்றார். பெரும் பௌதிக அறிஞரான றேலி பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1885இல் கல்கத்தா பிறசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானபோது ஒரு சோதனை காத்திருந்தது. ஆங்கிலேயருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது அன்றைய விதி. நியமனம் தற்காலிகமென்று கூறி அதிலும் பாதியே அவருக்கு ஒதுக்கப்பட்டது. போஸ் கூச்சலிடவில்லை, பணியை விட்டு விலகவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் தவறாது கற்பித்தார். ஆனால் சம்பளத்தை மட்டும் தொடவில்லை. தந்தையார் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. 1887இல் அவரை மணந்த அபலா அம்மையாரும் அந்த வறுமையை முகங்கோணாது பகிர்ந்துகொண்டார். முடிவில் அதிகாரிகளே இணங்கி, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டு ஒரே தொகையாகக் கொடுத்தனர். அப்பணத்தைக் கொண்டு அவர் தந்தையாரின் கடனைத் தீர்த்தார்.

ஆராய்ச்சிக்கு அக்கல்லூரியில் வசதி இருக்கவில்லை. குளியலறையை அடுத்திருந்த ஒரு சிறிய அறையில், படிப்பறியாத ஒரு தகரத் தொழிலாளியைப் பயிற்றித் தமக்கு வேண்டிய கருவிகளை அமைத்துக்கொண்டார். மின்காந்த அலைகளை ஆராய்ந்தவர்கள் அதுவரை பெரும்பாலும் நீண்ட அலைகளையே கையாண்டு வந்தனர். போஸ் 5 மில்லிமீற்றர் அளவேயுள்ள மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், அத்தகைய அலை ஆளுநரின் உடலையும் சுவரையும் ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த மணியை அடித்து வெடிமருந்தையும் வெடிக்கச் செய்ததைக் கூடியிருந்தோர் கண்டு வியந்தனர். 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனிலும் அவர் தம் கருவிகளைக் காட்டி விளக்கினார்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை, கனமான மணியை எவ்வாறு அடித்தது? அலை அதனை அடிக்கவில்லை. அலை போய்ச் சேர்ந்த உணர்கருவியில் நுண்ணிய உலோகத் தொடுகைகள் இருந்தன. அலை பட்டவுடன் அவற்றின் மின்தடை குறைந்தது. பக்கத்திலிருந்த மின்கலத்தின் ஓட்டம் அவ்வழியே பாய்ந்தது. அவ்வோட்டமே மணியை அடித்தது. நமது வவுனிக்குளத்தை எண்ணிப் பாருங்கள். துருசுக் கதவைத் திறப்பவர் தம் கைவலிமையால் வயலுக்கு நீர் இறைப்பதில்லை. நீர் குளத்தில் இருக்கின்றது. கை அதற்கு வழியைத் திறக்கின்றது. மின்பெருக்கி என்னும் கருவியின் உயிர்நாடியும் இதுவே. வலிமை வேறோரிடத்திலிருந்து வருகின்றது. சிறிய குறிப்பு அவ்வலிமையை ஆளுகின்றது.

ஆனால் போஸின் உணர்கருவி பெருக்கியன்று. அது அலை வந்ததா, வரவில்லையா என்று மட்டும் சொல்லும். குரலின் ஏற்ற இறக்கங்களைச் சொல்லாது. 1906இல் அமெரிக்கரான லீ டி போறஸ்ற், கண்ணாடிக் குமிழினுள் இலத்திரன்கள் பாயும் வழியில் கம்பி வலையொன்றை அமைத்தார். அவ்வலையில் மின்னழுத்தம் சிறிது ஏறினால் ஓட்டம் பெருகும். சிறிது இறங்கினால் ஓட்டம் சுருங்கும். துருசுக் கதவைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கும் கைபோல அந்த வலை வேலை செய்தது. மூன்று முனைகளுடைய அந்த வால்வே மின்பெருக்கிகளின் மூதாதை. 1947இல் தோன்றிய திரான்சிஸ்டர் அதே வேலையைச் சிறிய பளிங்குத் துண்டினுள் செய்தது.

அந்தப் பளிங்கு வழியிலும் போஸின் அடிச்சுவடு உண்டு. கலேனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கை மின்னலைகளை உணரும் கருவியாக அவர் அமைத்தார். தம் கண்டுபிடிப்புகளை விலைப்பொருளாக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. ஆயினும் நண்பர்களின் வற்புறுத்தலால் 1901இல் விண்ணப்பிக்கப்பட்டு, 1904இல் அக்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் கையிலுள்ள ஒவ்வொரு மின்னணுக் கருவியும் குறைகடத்திகளால் இயங்குவது. அவ்வகைப் பொருளைக் கருவியாக்கி முதன்முதல் உரிமை பெற்றவர்களுள் ஒருவர் இந்த வங்கத்து ஆசிரியர்.

அவருடைய குறுகிய அலைகளோ நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 5 மில்லிமீற்றர் அலை ஒரு விநாடியில் ஏறக்குறைய 6,000 கோடி முறை அதிர்வது. பழைய வால்வினுள் ஓர் இலத்திரன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள், அவ்வலை பலமுறை ஏறி இறங்கிவிடும். கதவை விரைவாக ஆட்டினால் வாய்க்காலின் நீர் அவ்வளவு விரைவாக மாற முடியாதல்லவா? எந்தப் பெருக்கிக்கும் வேகத்தில் ஓர் எல்லை உண்டென்பதற்கு இது தக்க உதாரணம்.

நூற்றாண்டின் திருப்பத்தில் போஸின் கவனம் வேறு திசையிற் சென்றது. தம் உணர்கருவிகள் நெடுநேரம் வேலை செய்தாற் களைப்படைவதையும், ஓய்வின்பின் மீள்வதையும் கண்டார். உயிரற்ற உலோகத்துக்கும் உயிருள்ள தசைக்கும் இடையே ஒப்புமை உண்டோ என்று ஆராயப் புகுந்தவர், செடிகொடிகளையும் சோதித்தார். நம் வயல் வரம்புகளில் கால் பட்டவுடன் இலை மடிக்கும் தொட்டாற்சுருங்கியும், தானாகவே சிற்றிலைகளை அசைக்கும் தொழுகண்ணியும் அவருடைய ஆய்வுகூடத்திற்கு வந்தன. 1901 ஜூனில் இலண்டன் றோயல் சொசைற்றியில் தம் முடிவுகளைக் கூறினார். உடற்றொழிலறிஞர் சிலர், பௌதிகஞ் செய்பவர் தமது துறையினுட் புகலாகாதென எதிர்த்தனர். அவருடைய கட்டுரை அங்கே அச்சேறவில்லை. அவர் மறுமொழியைக் கருவிகளிலேயே தேடினார்.

அக்கருவிகளுள் தலைசிறந்தது செடியின் வளர்ச்சியை அளக்கும் கிறெஸ்கோகிறாவ். ஓர் அங்குலத்தின் இலட்சத்தில் ஒரு பங்கு வளர்ச்சியை யார் காண்பார்? போஸ் ஒரு நெம்புகோலால் அவ்வசைவை நூறு மடங்காக்கினார். அதன் நுனியில் இரண்டாம் நெம்புகோலைப் பூட்டி மீண்டும் நூறு மடங்காக்கினார். நூறும் நூறும் பெருகிப் பத்தாயிரம் மடங்காயிற்று; காணாத அவ்வளர்ச்சி அங்குலத்தின் பத்திலொரு பங்காகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பெருக்கியின் வெளியீட்டை அடுத்த பெருக்கியின் வாயிலில் கொடுப்பதும் இவ்விதமே.

ஆயின் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நெம்புகோலுக்குப் பின்னால் குளம் எதுவும் இல்லை. அசைவு பத்தாயிரம் மடங்கு கூடினால், தள்ளும் விசை அதே அளவுக்குக் குறைந்துவிடும். அத்துணை மெலிந்த முனை, புகையூட்டிய கண்ணாடியிற் கோடு கீறப் புகுந்தால், உராய்வு அதனை நிறுத்திவிடும். எனவே போஸ் கண்ணாடியையே முன்னும் பின்னும் ஆடச் செய்தார். அது இடைக்கிடை வந்து முனையைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியைப் பெற்றுச் சென்றது. பின்னர் காந்த ஊசியையும் ஆடியையும் ஒளிக்கதிரையும் கொண்டு இலட்சக்கணக்கான மடங்கு பெருக்கினார். ஒளிக்கதிருக்கு நிறையுமில்லை, உராய்வுமில்லை.

இவ்வளவு பெருக்கம் என்றவுடன் ஐயமும் பெருகியது. அறையின் வெப்பம் சிறிது மாறினாலும், வீதியில் ஒரு வண்டி போனாலும், அந்த அசைவும் அல்லவா கோடி மடங்காகத் தெரியும்? கருவி காட்டுவது செடியின் வளர்ச்சியா, வேறு எதனதும் அதிர்ச்சியா? இது நியாயமான கேள்வி. போஸ் அதற்குச் சினக்கவில்லை. 1920இல் இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் அறிஞர்கள் முன்னிலையிற் சோதனைக்கு உடன்பட்டார். பத்து இலட்சம் முதல் ஒரு கோடி மடங்கு வரை அக்கருவி வளர்ச்சியைச் சரியாகவே காட்டுகின்றதென்று அவர்கள் பத்திரிகை வாயிலாக உலகுக்கு அறிவித்தனர். அவ்வாண்டே அவர் றோயல் சொசைற்றியின் உறுப்பினரானார்.

போஸ் எதிர்கொண்ட அந்தக் கேள்வியையே மின்பெருக்கி செய்வோரும் எதிர்கொண்டனர். குளத்தில் உள்ள நீருக்குமேல் பாய்ச்ச முடியாததுபோல, மின்வழங்கி தரும் அளவுக்குமேல் எந்தப் பெருக்கியும் தராது. அதற்குமேல் உரத்துப் பேசினால் அலையின் தலை வெட்டுண்டு குரல் கரகரக்கும். கூம்பிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியிற் புகுந்தால், பெருகியது மறுபடியும் பெருகி ஊளையாகும். இவற்றைக்கூடத் தவிர்க்கலாம், மற்றொன்றைத் தவிர்க்கவே முடியாது. எந்தக் கடத்தியிலும் வெப்பத்தினால் இலத்திரன்கள் ஓயாது அலைகின்றன. அந்த இரைச்சலை 1928இல் ஜோன்சன், நைகுவிஸ்ற் என்போர் அளந்து விளக்கினர். அதனினும் மிக மெலிந்த குறிப்பை எத்தனை மடங்கு பெருக்கினாலும், இரைச்சலும் கூடவே பெருகுமேயன்றித் தெளிவு பிறவாது.

கருவியின் குற்றத்தைக் குறைக்க 1927இல் அமெரிக்கரான ஹரல்ட் பிளாக் ஒரு வழி கண்டார். வெளியே வரும் குறிப்பில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி வாயிலிலே கொடுத்தார். பெருக்கம் குறைந்தது, பிழையோ அதனோடு குறைந்து, உண்மை மிஞ்சியது. தன் வெளியீட்டைத் தானே ஒப்பிட்டுத் திருத்தும் கருவி அது.

போஸின் வாழ்விலும் எல்லைகள் உண்டு. அதனை மறைப்பது அவருக்குப் பெருமையாகாது. அவருடைய கருவிகள் பிழையின்றி அளந்தன. செடியிலே மின்குறிப்புகள் ஓடுகின்றன என்ற அவர் கருத்தைப் பிற்கால ஆராய்ச்சிகளும் உறுதிசெய்தன. ஆனால் நீர் மரத்தில் ஏறுவது உயிரணுக்களின் துடிப்பினால் என்ற அவருடைய கொள்கையை விஞ்ஞான உலகம் ஏற்கவில்லை. அளந்தது ஒன்று, அளந்ததிலிருந்து ஊகித்தது வேறொன்று. முன்னது நிலைத்தது, பின்னதில் ஒரு பகுதி உதிர்ந்தது.

1917 நவம்பர் 30ஆந் திகதி, தம் ஐம்பத்தொன்பதாவது பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அதன் கதவுகளை எந்நாட்டவருக்கும் திறந்து வைத்தார். 1937 நவம்பர் 23ஆந் திகதி கிரிதி என்னும் ஊரிற் காலமானார். அந்நிலையம் இன்றும் நின்று பணி செய்கின்றது.

வாலிப நண்பர்களே! இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெருக்கி இருக்கின்றது. காதில் விழுந்த ஒரு சொல்லை ஒரு நொடியில் ஊரெங்கும் பரப்பிவிடும் வலிமை நமக்கு வந்திருக்கின்றது. பரப்புமுன், அது செய்தியா, அல்லது நம் மனத்தின் இரைச்சலா என்று சோதித்துப் பார்க்கின்றோமா? தம் கருவியைத் தாமே சந்தேகித்து, பிறர் சந்தேகத்தையும் வரவேற்று, சோதனைக்கு உட்படுத்திய பின்னரே உண்மையென்று உலகுக்குச் சொன்னார் போஸ். அப்பெரியாரின் வாழ்விலிருந்து இந்த ஒரு பழக்கத்தையாவது நாம் கைக்கொள்வோமாக.