ஒரே கேமரா, ஒரே லென்ஸ், 40 வருஷம்: ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் வேற எதையும் தேடாதது ஏன்?

1940 ஜூன் மாதம். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்த நேரம். வோஜ் மலைப் பகுதியில் ஜெர்மன் படை நெருங்கிவிட்டது. அங்கிருந்த பிரெஞ்சு ராணுவ கார்ப்பரல் ஒருவர், பிடிபடுவதற்கு முன்பு ஒரு வேலை செய்தார். தன்னிடம் இருந்த சின்ன கேமராவை ஒரு விவசாய நிலத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் போர்க் கைதி. இரண்டு முறை தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். 1943-ல் மூன்றாவது முயற்சியில் தப்பித்தே விட்டார். அப்புறம் அந்த நிலத்துக்குத் திரும்பிப் போய், மண்ணைத் தோண்டி கேமராவை வெளியே எடுத்தார்.

அந்த கேமரா லைக்கா. புதைத்தவர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான். 20-ம் நூற்றாண்டின் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசினால் முதல் வரிசையில் வரும் பெயர். காந்தியின் கடைசி நாள், சீனாவின் ஆட்சி மாற்றம், ஸ்டாலின் மறைவுக்குப் பிந்தைய சோவியத் ரஷ்யா எனப் பாதி உலகத்தைப் படம் பிடித்தவர். ஆனால் இவ்வளவுக்கும் அவர் கையில் இருந்தது ஒரு சின்ன கேமரா, பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ். அவ்வளவுதான்.

வசதி இல்லாததால் அப்படி இருந்தாரா? இல்லை. பிறகு ஏன்?

யார் இந்த பிரெஸ்ஸான்?

1908 ஆகஸ்ட் 22-ல் பாரிஸுக்குக் கிழக்கே உள்ள ஷான்டலூ என்ற ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்குத் தையல் நூல் தயாரிக்கும் தொழில். பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த நிறுவனம் அது. மூத்த பையன் தொழிலை எடுத்து நடத்துவான் என்று அப்பா எதிர்பார்த்தார். பையனுக்கோ ஓவியத்தின் மீதுதான் ஆசை.

சின்ன வயதில் விடுமுறைப் படங்கள் எடுக்க ஒரு பிரவுனி பெட்டி கேமரா வைத்திருந்தார். அது விளையாட்டு மட்டும்தான். 1927 வாக்கில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஒரு படத்துக்குள் கோடுகளும் வடிவங்களும் எப்படி உட்கார வேண்டும் என்ற கணக்கை அங்கேதான் கற்றுக்கொண்டார். இன்னொரு பக்கம், பாரிஸ் கஃபேக்களில் சர்ரியலிஸ்ட் கலைஞர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். எதிர்பாராமல் நடக்கும் ஒன்றுக்கு எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்பது அங்கே கிடைத்த பாடம்.

ஒரு பக்கம் கணக்கு, இன்னொரு பக்கம் தற்செயல். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க ஓவியத் தூரிகையால் முடியவில்லை. கண் பார்க்கும் வேகம் கைக்கு வரவில்லை.

ஆப்பிரிக்காவில் தோல்வி, மார்சேயில் விடை

1931-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். வேட்டையாடி, அந்த இறைச்சியை விற்றுப் பிழைத்தார். கையில் ஒரு பழைய கேமராவும் இருந்தது. ஆனால் அங்கிருந்த வெக்கையிலும் ஈரத்திலும் எடுத்த படங்களில் பெரும்பாலானவை வீணாகிவிட்டன.

கூடவே, மலேரியாவோடு தொடர்புடைய கடும் காய்ச்சல் வந்து சாகக் கிடந்தார். தன் இறுதிச் சடங்கை எப்படி நடத்த வேண்டும் என்று தாத்தாவுக்குக் கடிதம் போட்டார். அடக்கத்தின்போது தெபுஸ்ஸியின் இசை வாசிக்கப்பட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அதற்கு ரொம்பச் செலவாகும், முதலில் ஊருக்கு வந்து சேர் என்ற ரீதியில் வீட்டிலிருந்து பதில் போனது. வந்து சேர்ந்தார், பிழைத்தும் கொண்டார்.

பிரான்ஸ் திரும்பிய பிறகு ஒரு படம் அவரை உலுக்கியது. ஹங்கேரியப் புகைப்படக்காரர் மார்ட்டின் முன்காட்சி எடுத்தது. டாங்கனிக்கா ஏரியின் அலைகளுக்குள் மூன்று சிறுவர்கள் ஓடுகிறார்கள். பின்பக்கமாக எடுத்த படம் என்பதால் முகம் தெரியவில்லை. ஆனால் கை, கால், நீர்த்திவலை என எல்லாம் ஓவியம் மாதிரி கச்சிதமாக அமைந்திருக்கிறது. நொடியின் ஒரு சிறு துண்டை நிரந்தரமாக நிறுத்தி வைக்க முடியும் என்பது பிரெஸ்ஸானுக்கு அப்போதுதான் உறைத்தது.

1932-ல் மார்சே நகரில் ஒரு லைக்கா வாங்கினார். அதில் 50 மி.மீ. லென்ஸ். 24 வயதுகூட முடியாத இளைஞர், தனக்கான கருவி இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த கேமராவுல அப்படி என்ன இருந்தது?

அந்தக் காலத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் பெரிய பிளேட் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஒரு படம் எடுத்ததும் பிளேட்டை மாற்ற வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஃபிளாஷ் பல்பு வெடிக்கும். கேமரா வந்துவிட்டது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

லைக்கா வேறு ரகம். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த இந்த கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. ஃபிலிம்தான் இதற்கும். ஒரு ரோலில் 36 படங்கள். கோட் பாக்கெட்டில் அடங்கிவிடும். பெரிய சத்தமும் கிடையாது.

பிரெஸ்ஸான் இன்னொன்றும் செய்தார். கேமராவின் பளபளப்பான பாகங்கள் மீது கறுப்பு டேப் ஒட்டினார். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுதான் காரணம். அவருக்குத் தேவைப்பட்டது போஸ் கொடுக்கும் முகம் அல்ல. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வாழ்ந்துகொண்டிருக்கும் முகம்.

சரி, ஏன் 50 மி.மீ. மட்டும்?

லென்ஸின் எண் குறையக் குறைய அதிக இடம் படத்துக்குள் வரும். ஆனால் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும், பின்னால் இருப்பது சிறியதாகவும் இழுபடும். எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது அருகில் வரும், ஆனால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியது போலத் தெரியும். 35 மி.மீ. ஃபிலிமில் 50 மி.மீ. என்பது நடுவில் இருக்கிறது. நாம் சாதாரணமாகப் பார்க்கும் அளவும் தூரமும் கிட்டத்தட்ட அப்படியே படத்தில் வரும்.

ஆனால் பிரெஸ்ஸான் விஷயத்தில் முக்கியமானது பழக்கம். ஒரே லென்ஸைத் தினமும் பயன்படுத்தினால், கேமராவைத் தூக்குவதற்கு முன்பே சட்டத்துக்குள் எது வரும், எது வராது என்று தெரிந்துவிடும். தூரத்தையும் வெளிச்சத்தையும் முன்கூட்டியே கண்ணால் மதிப்பிட்டு கேமராவில் அமைத்து வைத்துவிடலாம். பெரிதாக வேண்டுமா? இரண்டு அடி முன்னால் போக வேண்டும். சிறிதாக வேண்டுமா? பின்னால் வர வேண்டும். கால்தான் ஜூம்.

எந்த லென்ஸைப் போடுவது என்ற கேள்வியே இல்லாதபோது மிச்சமிருப்பது ஒரே கேள்விதான்: எப்போது அழுத்துவது? அவருடைய மொத்தக் கலையும் அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது. 1952-ல் வந்த அவரது புகழ்பெற்ற புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பும் அந்தத் தீர்மானிக்கும் கணத்தைப் பற்றியதுதான். அட்டையை வரைந்து கொடுத்தவர் ஓவியர் மத்தீஸ்.

லைக்கா வாங்கிய 1932-லேயே பாரிஸின் சேன் லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் எடுத்த படம் இதற்குச் சரியான உதாரணம். தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார் ஒரு மனிதர். குதிகால் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரமே இருக்கிறது. கீழே அவரது பிம்பம். பின்னால் சுவரொட்டியிலும் ஓர் உருவம் தாவுகிறது.

இதனால இழப்பு எதுவும் இல்லையா?

இருந்தது. தூரத்தில் நடப்பதை இழுத்துப் பிடிக்க முடியாது. பக்கத்தில் போக முடியாத இடம் என்றால் அந்தப் படம் இல்லை. ஃபிளாஷை அவர் வெறுத்தார், எதிரில் இருப்பவருக்குச் செய்யும் அவமரியாதை என்று கருதினார். அதனால் இருட்டில் தவறியவையும் உண்டு. அந்தக் காலத்து கலர் ஃபிலிம் வேகம் குறைவு என்பதால், பத்திரிகைகளுக்காக எடுத்தது தவிர கலர் பக்கம் பெரிதாகப் போகவில்லை.

எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது என்பதிலும் கறாராக இருந்தார். வேலியின் இடுக்கு வழியாக எடுத்ததால், மேலே சொன்ன சேன் லஸார் படத்தின் ஓரத்தை மட்டும் வெட்ட வேண்டியதாகிவிட்டது. அது விதிவிலக்கு.

அவர் வேறு லென்ஸைத் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. எப்போதாவது 35, 90 மி.மீ. லென்ஸ்களும் பயன்படுத்தினார். 1954-ல் லைக்காவின் எம்3 மாடல் வந்ததும் அதற்கு மாறினார். மாடல் மாறியது, வேலை செய்யும் முறை மாறவில்லை.

இந்த முறை வேறு ஒன்றையும் கொடுத்தது. 1937-ல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காகப் போன பிரெஸ்ஸான், மன்னரை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தையே படமெடுத்தார். பாக்கெட் கேமராவோடு கூட்டத்தில் ஒருவராக நிற்பவருக்குப் பக்கத்தில் இருப்பது மக்கள்தான்.

டெல்லி, 1948 ஜனவரி 30

போரில் பிரெஸ்ஸான் இறந்துவிட்டார் என்ற வதந்தி அமெரிக்கா வரை போனது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்கு நினைவுக் கண்காட்சி நடத்தத் தயாரானது. 1947-ல் கண்காட்சி திறந்தபோது ஆள் உயிரோடு வந்து நின்றார். அதே ஆண்டில் ராபர்ட் காபா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோட்ஜர் ஆகியோருடன் சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞரான மனைவி ரத்னா மோகினியுடன் இந்தியாவுக்குக் கிளம்பினார்.

1948 ஜனவரி 30 பிற்பகலில் டெல்லி பிர்லா இல்லத்தில் காந்தியைச் சந்தித்து, நியூயார்க் கண்காட்சியின் புத்தகத்தைக் காட்டினார். அவர் கிளம்பிய சற்று நேரத்தில் காந்தி சுடப்பட்டார். பிரெஸ்ஸான் திரும்பி ஓடினார்.

அன்று இரவு, பிர்லா இல்லத்து வாசல் கேட்டில் ஏறி நின்று நேரு மக்களிடம் காந்தியின் மறைவை அறிவித்தார். பிரெஸ்ஸான் அதை ஃபிளாஷ் இல்லாமல், அங்கிருந்த விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். படம் துல்லியமாக இல்லை, கொஞ்சம் கலங்கியிருக்கிறது. ஃபிளாஷ் போட்டிருந்தால் நேருவின் முகம் பளிச்சென்று தெரிந்திருக்கும். ஆனால் அந்த இருட்டு காணாமல் போயிருக்கும். அன்றைய டெல்லியின் மனநிலை அந்த இருட்டில்தான் இருக்கிறது.

அடுத்த நாள் இறுதி ஊர்வலத்திலும் சிதைக்கு அருகிலும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன.

திருவண்ணாமலையும் புதுச்சேரியும்

1950 ஏப்ரலில் பிரெஸ்ஸானும் ரத்னாவும் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். ரமண மகரிஷி நோய் முற்றிப் படுத்திருந்த நாட்கள் அவை. அந்தக் கடைசி நாட்களைப் படமெடுத்தார் பிரெஸ்ஸான். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்த நேரத்தில், அருணாசல மலையை நோக்கி ஒரு ஒளி வானில் நகர்ந்ததைப் பார்த்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். அதற்கு அவரிடம் படம் இல்லை. எல்லாவற்றையும் கேமரா பிடித்துவிடாது.

சில நாட்களிலேயே புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுக்க அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகளாகத் தன்னை யாரும் படமெடுக்க அரவிந்தர் அனுமதித்ததில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார். ஸ்டாண்டு, விளக்கு, உதவியாளர் என்று ஒரு படையே உள்ளே போயிருந்தால், ஆசிரமத்தின் அமைதி அந்தப் படங்களில் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

கடைசியில் ஒரு பென்சில்

1970-களின் தொடக்கத்தில், உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பிரெஸ்ஸான் புகைப்படத் தொழிலிலிருந்து விலகினார். கேமராவை வீட்டில் ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். எப்போதாவது ஒரு போர்ட்ரெய்ட் எடுப்பதோடு சரி. இளமையில் விட்ட ஓவியத்துக்கே திரும்பினார். பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வரைந்தார்.

இதில் முரண் எதுவும் இல்லை. பார்ப்பதுதான் அவருக்கு எப்போதும் முக்கியம். கண்ணின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கருவி தேவைப்பட்ட வயதில் லைக்கா. நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்த வயதில் பென்சில். இரண்டிலும் பட்டன்களைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலை குறைவு.

2003-ல் பாரிஸில் அவர் பெயரில் அறக்கட்டளை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 3-ம் தேதி, தெற்கு பிரான்ஸில் 95 வயதில் இறந்தார்.

அவர் போலவே லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும் வாங்கியவர்கள் ஏராளம். எல்லோரும் பிரெஸ்ஸான் ஆகிவிடவில்லை. அந்த கேமரா எல்லோருக்கும் சிறந்தது என்பதால் அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. தன் நடைக்கும் தன் கண்ணுக்கும் எது பொருந்தும் என்று 1932-லேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு கடை பக்கம் பார்க்காமல், 40 வருஷம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.