வண்டு தேடி வந்த வாலஸ்

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823இல் பிறந்தவர். வீட்டில் பணமுடை; 14 வயசோடு படிப்பு நின்றுபோச்சு. அமேசான் காட்டில் நாலு வருஷம் அலைந்து சேர்த்தவற்றில் பெரும்பகுதி, 1852இல் கப்பல் தீப்பிடித்ததில் அழிந்தது. மனுஷர் சோர்ந்தாரா? இல்லையே! 1854இல் நம் சிங்கப்பூருக்கு வந்தார். புலி நடமாடிய புக்கித் தீமா காட்டில், வெட்டிச் சாய்த்த மரங்களுக்கிடையே தேடி, சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். பிறகு எட்டாண்டு தீவு தீவாகச் சுற்றினார். இயற்கைத் தேர்வு பற்றி அவரும் டார்வினும் தனித்தனியே எழுதியவை 1858இல் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. 1913இல் மறைந்தார். அந்தக் காட்டில் எஞ்சியது இன்று காப்பகம். இந்த வருஷம் பரிசு கிடைக்காத பிள்ளைகளும் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்களேன். வண்டைப் பிடிக்க வேண்டாம். உற்றுப் பார்த்தாலே போதும்.