இராமேசுவரம் மூன்றாம் திருச்சுற்றும் முத்துராமலிங்க சேதுபதியின் வாழ்வும்: கட்டுவித்தோர் குறித்த ஒரு மறுநோக்கு

இராமேசுவரம் இராமநாதசுவாமி திருக்கோயிலின் மூன்றாம் திருச்சுற்று 1212 தூண்களையும் ஏறத்தாழ 3850 அடி மொத்த நீளத்தையும் உடையது. இதனைக் கட்டுவித்தவர் முத்துராமலிங்க சேதுபதி என்பது தலவரலாற்று நூல்களும் வழிகாட்டி நூல்களும் ஒருமுகமாகக் கூறும் செய்தி. அச்சுற்றின் மேற்கு வாயிலருகே அவருடைய சிற்பமும் அமைச்சர் இருவரின் சிற்பங்களும் நிற்பதே இக்கூற்றுக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகிறது. எனினும் சேதுபதியின் வாழ்க்கைக் கால அடைவைத் திருப்பணியின் கால அடைவோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து, இக்கூற்று திருத்தத்திற்கு உரியதாகிறது.

திருப்பணி 1740-இல் முத்துக்குமார விசயரகுநாத சேதுபதி காலத்தில் தொடங்கி, 1770-ஐ ஒட்டி நிறைவுற்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. முத்துராமலிங்க சேதுபதி பிறந்தது 1760-இல். திருச்சுற்றின் வேலை அப்போது ஏறக்குறைய இருபதாண்டைக் கடந்திருந்தது. தாய்மாமன் செல்லமுத்து விசயரகுநாத சேதுபதி 1762-இல் மறைந்தபோது, தங்கையாகிய முத்துத்திருவாயி நாச்சியாரின் மகன் என்னும் உரிமையால் அக்குழந்தைக்குப் பட்டம் கட்டப்பெற்றது. ஆட்சிப் பொறுப்பு அன்னையிடமும் பிரதானி தாமோதரம் பிள்ளையிடமும் இருந்தது. ஆகவே திருச்சுற்றின் இறுதிக் கட்டத்தை நடத்திச் சென்றவர் முத்துத்திருவாயி நாச்சியார் எனக் கொள்வதே பொருந்தும். கோயிற்கலை வரலாற்றில் அவர் பெயர் பெரும்பாலும் விடுபட்டே வந்துள்ளது; இளவரசரின் பெயரால் ஆண்ட அன்னையரின் பணிகள் அவ்விளவரசர்க்கே எழுதப்படுதல் தமிழக வரலாற்றில் புதிதன்று.

இப்பணியின் அருமையை நிலவியல் நோக்கில் காணவேண்டும். இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை செல்லும் நிலம் இருபுறமும் கடல் சூழ்ந்த குறுகிய மணற்பகுதி. பனை செழிக்கும் இந்நிலத்தில் கருங்கற் பாறை கிடையாது. மண்டபத்திற்கு அப்பால் கடற்காலைக் கடந்தே தீவை அடைதல் வேண்டும். தூணுக்கும் உத்திரத்திற்கும் வேண்டிய கற்களை உள்நாட்டிலிருந்து கொணர்ந்து, கடல் கடத்தி, தீவின் குறுக்கே இழுத்துச் செல்லும் பணி, ஒரு தனிமனிதரின் ஆட்சிக்காலத்தில் அடங்கக்கூடியதன்று. சிற்பியர்க்கும் கல் இழுப்போர்க்கும் கூலியும் உணவும் முப்பதாண்டு தடையின்றிச் சென்றிருத்தல் வேண்டும். இடையில் மன்னர் பலர் மாறியும் பணி நிலைகுலையவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

பணி முடிந்த சிறுபொழுதிலேயே அரசு வீழ்ந்தது. 1772 சூன் தொடக்கத்தில் ஆர்க்காட்டு நவாபின் படையும் தளபதி சோசப்பு சுமித்து தலைமையிலான கும்பினிப் படையும் இராமநாதபுரம் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றின. அதே மாதம் 25-ஆம் நாள் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரும் வீழ்ந்தார். பன்னிரண்டு வயதுச் சேதுபதி அன்னையோடும் உடன்பிறந்தாரோடும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். அவர் வளர்ந்த இராமலிங்க விலாசத்தின் சுவர்களில், ஐரோப்பியர் சேதுபதியின் அவைக்கு வந்து நிற்கும் காட்சி அரை நூற்றாண்டுக்கு முன்னரே தீட்டப்பட்டிருந்தது. அவ்வோவியம் காட்டும் உறவுநிலை ஒரு தலைமுறைக்குள் தலைகீழாயிற்று.

ஐதரலியின் படையெடுப்பால் மறவர் சீமை கைநழுவும் நிலை தோன்றியபோது, நவாபு 1781 வாக்கில் சேதுபதியை விடுவித்து மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அவருடைய உண்மையான ஆட்சி இதன் பின்னரே தொடங்குகிறது. பிரதானி முத்திருளப்பபிள்ளை நிலங்களை அளந்து வரிமுறையை ஒழுங்குபடுத்தினார். மேற்கே ஓடும் பெரியாற்று நீரை வைகைப் பக்கம் திருப்பும் வாய்ப்பை ஆராய 1789-இல் ஆட்களை மலைக்கு அனுப்பியவரும் அவரே. செலவு மிகுதி கருதி அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்துப் பென்னிகுயிக்கு 1895-இல் நிறைவேற்றியது இதே எண்ணத்தைத்தான்.

மேற்கு வாயிற் சிற்பத் தொகுதியை இவ்விடத்தில் மீண்டும் நோக்குதல் தகும். சேதுபதியின் அருகே நிற்போர் முத்திருளப்பபிள்ளையும் கிருட்டிண அய்யங்காரும் எனக் கூறப்படுகிறது. முன்னவர் இரண்டாம் ஆட்சிக்காலத்துப் பிரதானி. எனவே இத்தொகுதி 1781-க்குப் பின்னரே நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். திருச்சுற்று எழும்பிய காலத்திற்கு இதனைச் சான்றாக்குதல் இயலாது. சிறைமீண்ட மன்னர் ஒருவர், தம் குடியின் பெரும்பணியைத் தமதாக அறிவித்து ஆட்சியுரிமையை நிலைநாட்டிய செயலாகவே இதனைப் படிக்கலாம். இரண்டாம் திருச்சுற்றின் தெற்கு வாயிலில் திருமலை சேதுபதியும் அவர் மகனும் சிற்பமாய் நிற்கும் மரபு அவருக்கு முன்னோடியாய் இருந்தது. எஞ்சிய சில பணிகள் அவர் காலத்தில் முடிந்திருத்தலும் கூடும். ஆயினும் அது கட்டுவித்தல் ஆகாது.

கும்பினியோடு அவர் கொண்ட முரண் நெசவுத் துணி வாணிகத்தாலும் சுங்க உரிமையாலும் முற்றியது. மருது சகோதரர் ஆண்ட சிவகங்கையோடு நிகழ்ந்த பூசல் அதற்குத் துணைசெய்தது. 1795 பிப்ரவரி 8-ஆம் நாள் கும்பினி அவரைப் பதவிநீக்கிச் சிறைப்படுத்தியது. முதலில் திருச்சிராப்பள்ளி, பின்னர்ச் சென்னை. அவர்பொருட்டு 1799-இல் முதுகுளத்தூர்ப் பகுதியில் மயிலப்பன் சேர்வைக்காரர் நடத்திய கிளர்ச்சி அடக்கப்பட்டது. மயிலப்பன் 1802-இல் தூக்கிலிடப்பட்டார். 1803-இல் சேதுநாடு சமீனாக மாற்றப்பட்டுத் தமக்கை மங்களேசுவரி நாச்சியாரிடம் அளிக்கப்பட்டது. சேதுபதி 1809 சனவரி 23-ஆம் நாள் சென்னைச் சிறையில் மறைந்தார். நாற்பத்தொன்பது ஆண்டு வாழ்வில் இருமுறையுமாக ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் அவர் சிறையிலிருந்தார். ஆடி, மாசித் திருவிழாக்களின் ஆறாம் நாளில் உற்சவ மூர்த்திகள் சொக்கட்டான் மண்டபத்தில் எழுந்தருளும் நிகழ்வு சேதுபதி குடும்பத்தார் மண்டகப்படியாகத் தொடர்ந்தது.