ரத்த வகை கண்டுபிடித்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்



மலருக்காக ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டாங்க. மற்ற குழுக்காரங்க ஜான்சி ராணி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அன்னை தெரசா என்று எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கிட்டவர் பெயர் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வரும். நானும் அந்தக் காலத்தில் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோனேன். இப்போ என் மகள் பத்தாவது படிக்கிறாள். அவள் புத்தகத்தில் மறுபடி அந்தப் பெயரைப் பார்த்தபோது, இவரையா மறந்தோம் என்று இருந்தது. ஏன் என்றால் என் நாத்தனார் இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாத்தனாருக்குத் தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், ஓ நெகட்டிவ் கொண்டு வாங்க என்று சொன்னாங்க. எங்க அத்தை உடனே சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டு, நான் பெத்தவள், என் ரத்தத்தை எடுங்க என்று கையை நீட்டினாங்க. என் வீட்டுக்காரர் கூடப்பிறந்த அண்ணன், கொழுந்தனார் கூடப்பிறந்த தம்பி. மாப்பிள்ளையும் நின்றார். நாலு பேரில் ஒருத்தர் ரத்தமும் சேரவில்லை. எல்லாருமே பாசிட்டிவ். அத்தைக்கு அதை நம்பவே முடியவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு என் ரத்தம் எப்படிச் சேராமல் போகும் என்று அழுதாங்க.

ரத்தம் கொடுக்கிறவங்க பட்டியலைப் பார்த்துப் போன் பண்ணி, இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு வேன் ஓட்டுகிற பையன் வந்தான். வேறு தாலுகா. அந்த நேரத்திலும் அத்தை அவனிடம் எந்த ஊருப்பா, யாரு வகையறா என்று கேட்டாங்க. அவன் சிரித்துக்கிட்டே ஓ நெகட்டிவ் வகையறாம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். இதில் இன்னொரு வெட்கக்கேடு. நாத்தனாருடைய தாய் சேய் அட்டையில் மூன்றாவது மாதத்திலேயே ஓ நெகட்டிவ் என்று எழுதி இருந்தது. அந்த அட்டையை ஏழு மாதம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தோமே தவிர, ஒருத்தரும் பிரித்துப் படிக்கவில்லை.

இனி அந்தப் பெரியவர்.

கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்துப் பக்கம் பிறந்தார். அப்பா பத்திரிகைக்காரர். பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அதுக்கப்புறம் அம்மாதான் தனியாக நின்று ஆளாக்கினாங்க. அந்த அம்மா பெயர் ஃபேனி. அவங்க இறந்தபோது அவங்க முகத்தை அச்சு எடுத்து வைத்தார். அந்த முக அச்சு அவர் கடைசி நாள் வரைக்கும் அவர் அறைச் சுவரில் தொங்கியது. நம்ம குழுவிலும் வீட்டுக்காரர் இல்லாமல் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இதை விடாமல் எழுதுகிறேன்.

வியன்னாவில் மருத்துவம் படித்து 1891இல் டாக்டர் ஆனார். ஆனால் நாடி பிடித்துப் பார்த்துச் சம்பாதிக்கிற டாக்டராக இருக்க அவருக்கு மனம் இல்லை. சில வருடம் வேறு ஊர்களுக்குப் போய் வேதியியல் படித்தார். பிறகு வியன்னாவில் பிண அறுவை செய்கிற பிரிவில் பத்து வருடம் வேலை பார்த்தார். அந்தப் பத்து வருடத்தில் அவர் அறுத்துப் பார்த்த உடல்கள் 3,600க்கு மேல். பகலில் அந்த வேலை, மிச்ச நேரத்தில் ரத்த ஆராய்ச்சி.

அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றுவது என்றால் உயிரை வைத்துச் சூதாடுவது மாதிரி. 1667இல் பிரான்ஸ் நாட்டில் ஆட்டுக்குட்டி ரத்தத்தைக்கூட மனுசனுக்கு ஏற்றிப் பார்த்திருக்காங்க. சாவு விழுந்ததும் அதைத் தடை செய்துட்டாங்க. 1818இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டல் என்ற பிரசவ டாக்டர் மனுச ரத்தத்தை மனுசருக்கு ஏற்ற ஆரம்பித்தார். பிள்ளை பெற்ற பெண்கள் ரத்தம் போயே சாவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். சிலர் பிழைச்சாங்க, சிலர் செத்தாங்க. ஏன் ஒருத்தி பிழைக்கிறாள், ஏன் ஒருத்தி சாகிறாள் என்று யாருக்கும் தெரியாது. தலைவிதி என்று விட்டுட்டாங்க.

லேண்ட்ஸ்டெய்னர் அப்படி விடவில்லை. 1900, 1901 வாக்கில் அவர் தன் ரத்தத்தையும் கூட வேலை செய்த ஐந்து பேர் ரத்தத்தையும் எடுத்தார். ரத்தத்தைக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே மஞ்சளாக ஒரு நீர் தெளியும், அதைத் தனியாக எடுத்தார். சிவப்பு அணுக்களைத் தனியாக எடுத்தார். பிறகு ஒருத்தர் நீரில் இன்னொருத்தர் அணுவை விட்டு, ஆறு பேருக்கும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சிலது சாதுவாகக் கலந்தது. சிலது, பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி திரிதிரியாகக் கட்டிக்கொண்டது. அந்தக் கட்டுதான் உடம்புக்குள் நடந்தால் ஆளைக் கொல்லும்.

ஒரு நோயும் இல்லாத நல்ல மனுசர் ரத்தத்திலேயே இந்த வித்தியாசம் இருக்கு என்பதை அவர் கண்டுபிடித்தார். ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்தார். அந்த சி தான் பிறகு ஓ என்று ஆனது. நாலாவது வகையான ஏபி அவருடைய ஆறு பேரில் ஒருத்தருக்கும் இல்லாததால் அவர் கண்ணில் படவில்லை. மறு வருடம் 1902இல் டெகாஸ்டெல்லோ, ஸ்டர்லி என்ற இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்தாங்க. அதில் ஸ்டர்லி, முதலில் ரத்தம் கொடுத்த ஐந்து பேரில் ஒருத்தர்.

வேடிக்கை என்னவென்றால் இதை உலகம் கண்டுக்கவே இல்லை. 1907இல்தான் அமெரிக்காவில் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆட்டன்பர்க் என்ற டாக்டர், கொடுப்பவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் முதலில் கலந்து பார்த்துவிட்டு ஏற்றினார். முதல் உலகப் போர் வந்து காயம்பட்ட சிப்பாய்கள் குவிந்த பிறகு எல்லாரும் தேடி ஓடினாங்க. நோபல் பரிசு கொடுத்தது 1930இல். கண்டுபிடித்து முப்பது வருடம் ஆகிப்போச்சு!

அவர் வாழ்க்கை அதுவரைக்கும் சுகமாக ஒன்றும் இல்லை. 1916இல், 48 வயதில்தான் கல்யாணம். மனைவி பெயர் ஹெலன். மறு வருடம் ஒரே மகன். போர் முடிந்த பிறகு வியன்னாவில் சாப்பாட்டுக்கே கஷ்டம். குடும்பத்தோடு ஹாலந்து நாட்டுக்குப் போய் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒற்றை அறையில் நோயாளிகளுக்கு ரத்தம், சிறுநீர் பரிசோதனை பண்ணுகிற வேலை பார்த்தார். உலகத்துக்கு ரத்த வகை சொன்ன மனுசர்! 1923இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் கூப்பிட்டது. மிச்ச காலம் அங்கேதான்.

இப்போ நம்ம பெண்களுக்கு முக்கியமான இடம். 1937இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு வயிற்றிலேயே குழந்தை இறந்து பிறந்தது. ரத்தம் நிறையப் போனதால் புருசன் ரத்தத்தை ஏற்றினாங்க. இரண்டு பேருக்கும் ஓ வகைதான். அப்படியும் அவளுக்கு உடம்பு தாங்கவில்லை. அதை ஆராய்ந்து 1939இல் சொன்னவர் பிலிப் லெவின், ஒரு காலத்தில் லேண்ட்ஸ்டெய்னரிடம் உதவியாளராக இருந்தவர். மறு வருடம் 1940இல் லேண்ட்ஸ்டெய்னரும் வீனர் என்பவரும் ஒருவகைக் குரங்கின் ரத்தத்தை வைத்து ஆராய்ச்சி செய்து ஆர்.எச். என்பதை வெளியிட்டாங்க. நம்ம அட்டையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று போடுவது அதுதான். அப்போ அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது.

அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் முதல் பிள்ளை தப்பித்துவிடும். பிரசவத்தில் குழந்தை ரத்தம் கொஞ்சம் அம்மா உடம்பில் கலந்து, அம்மா உடம்பு அதை எதிரியாக நினைத்துப் படை தயார் பண்ணி வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளையை அந்தப் படை தாக்கும். முன்னெல்லாம் தலைப்பிள்ளை தங்கி, பின்னால் பிள்ளைகள் தங்காமல் போனால் தோஷம், சாபம் என்று அந்தப் பெண்ணைத்தான் பேசுவாங்க. அதில் எத்தனை பேருக்கு இது காரணமோ! 1968இல் இதுக்கு ஆன்டி-டி என்ற ஊசி வந்தது. குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவம் ஆகி 72 மணி நேரத்துக்குள் போடணும். கருச்சிதைவு ஆனாலும் டாக்டரிடம் கேட்கணும். என் நாத்தனாருக்குப் போட்டாங்க. இப்போ இரண்டாவது பிள்ளை நடக்க ஆரம்பிச்சுட்டான்.

அதுக்கப்புறம்தான் எங்க வீட்டில் எல்லாரும் இந்த வேலையில் இறங்கினோம். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் வருடத்துக்கு மூன்று தடவை கொடுக்கிறாங்க. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். 18இல் இருந்து 65 வயது, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். எடுப்பது 350 மில்லி, நம்ம இரண்டு டம்ளர் அளவு.

முதல் முகாமில் எனக்கு 10.2 என்று சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொடுக்க முடியலையே என்று இல்லை. இத்தனை வருடமாகக் களை எடுத்து வந்தால் மூச்சு வாங்குவது, படி ஏறினால் கண் இருட்டுவது எல்லாம் பொம்பளைக்கு சகஜம் என்று நினைத்திருந்தேனே, அதை நினைச்சு. சத்து மாத்திரை கொடுத்தாங்க. சாப்பிட்ட உடனே டீ குடிக்கிறதை நிறுத்தினேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எலுமிச்சம்பழம். இரண்டாவது தடவை 11.6. மூன்றாவது தடவைதான் 12.8 வந்து என்னைப் படுக்கையில் படுக்க வைத்தாங்க. நம்ம குழுவில் அன்றைக்கு ஊசி குத்திப் பார்த்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் குறைவு. கொடுக்கப் போகாமல் இருந்திருந்தால் ஒருத்திக்கும் தெரிந்திருக்காது.

அத்தைக்கு 68 வயது, கொடுக்க முடியாது. ஆனால் ஆள் சேர்ப்பதில் அவங்களை மிஞ்ச ஆள் இல்லை. அமாவாசை அன்றைக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் நோட்டீஸைக் கையில் வைத்துக்கிட்டு, படிக்கத் தெரியாட்டியும் தன் மகள் கதையைச் சொல்லியே ஆட்களை நிறுத்திவிடுவாங்க. ரத்தம் கொடுத்தால் பிள்ளை பிறக்காது, ஆம்பளைக்குப் பலம் போயிடும் என்று சொல்கிறவங்களிடம் மல்லுக்கு நிற்பாங்க. என் மகள் முகாமில் பெயர் எழுதுகிறாள், பழச்சாறு கொடுக்கிறாள். அவளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் மூன்று வருடம் இருக்கு.

லேண்ட்ஸ்டெய்னர் கடைசி வரைக்கும் வேலையை விடவில்லை. கடைசி வருடங்களில் மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. புற்றுநோய். அவளைக் காப்பாற்ற வழி கிடைக்குமா என்று அந்த வயதில் அதைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். மகனும் அப்போ டாக்டர். 1943 ஜூன் 24ஆம் தேதி ஆராய்ச்சி அறையிலேயே நெஞ்சுவலி வந்து சாய்ந்தார். இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 75. அவர் பிறந்த ஜூன் 14ஐத்தான் 2004இல் இருந்து உலக ரத்த தான நாளாக வைத்திருக்காங்க.

இதை எழுதும்போது மகள் அத்தைக்குப் படித்துக் காட்டினாள். புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்துவிட்டு அத்தை கேட்ட ஒரே கேள்வி, அவருக்கு என்ன ரத்தம் என்பது. மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். அந்த ஆறு பேர் கணக்கில் அவருடையது ஓ. அத்தைக்கும் ஓ தான். அட, அப்போ நம்ம வகையறா என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனாங்க. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெருவில் பாதி வீட்டுக்கு அது தெரிந்துவிட்டது.